கறாராக அளந்த அம்மா

அம்மா எனக்குச் சடை பின்னினால் என் புருவங்கள் இரண்டும் அரை அங்குலம் மேலே ஏறிக்கொள்ளும். கண்ணாடியில் பார்த்தால் எதையோ கண்டு திடுக்கிட்டவள் மாதிரி இருப்பேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவள் விரல்களைவிட்டுப் போகாத துருத்தடுப்பு எண்ணெயின் வாடை என் தலையிலும் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளிக்கும்வரை கூடவே வரும். "கொஞ்சம் லூசா பின்னும்மா" என்று நான் கெஞ்சாத காலை கிடையாது. அம்மா இன்னும் ஓர் இழுப்பு இழுத்து ரிப்பனைக் கட்டுவாள். சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது ரிப்பன் முடிச்சு காலையில் போட்ட இடத்திலேயே இருக்கும்.

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் எட்டுக் குடும்பங்களும் அம்மாவைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல்லைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளும். "ருக்மணியக்கா கறாரா சொல்லிடும்", "அதுங்கிட்டப் போய் நின்னா கறாராத்தான் பேசும்" என்பார்கள். தண்ணீர் பிடிக்கும் வரிசையில் நடுவில் குடத்தைச் செருகப் பார்த்தவர்கள், காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை எடுத்துப் போக வந்தவர்கள், இப்படி அவளிடம் தோற்றவர்கள் பட்டியல் நீளம். சிறுமியாக இருந்தபோது அது ஏதோ வசைச்சொல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தச் சொல்லைப் பற்றி எனக்குத் தெளிவான அபிப்பிராயங்கள் உண்டு. அகராதியைப் புரட்டினால் கறாராக என்பதற்குக் கண்டிப்பாக என்று பொருள் போட்டிருப்பார்கள். தப்பில்லை, ஆனால் போதாது. கண்டிப்பாக என்பது நாலு பேர் வாயில் பட்டுத் தேய்ந்துபோன சொல். கல்யாணத்துக்கு வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்தான் பத்திரிகையை வாங்கிக்கொண்டு "கண்டிப்பா வந்துடறங்க" என்கிறார். கடுமையாக என்றால் அதில் கோபம் வந்துவிடுகிறது, குரல் உயர்ந்துவிடுகிறது. கறாராக இருப்பதற்குக் குரலே வேண்டாம். ராயக்கோட்டைச் சந்தையில் ஒரே விலையைச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கும் காய்க்காரி கறாராக இருக்கிறாள். அவளுக்கு நம்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. "கொஞ்சம் கறாரா இருங்க" என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் என்பது உள்ளே நுழைந்ததும் கறார் எழுந்து வெளியே போய்விடும். அம்மாவின் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த நாகராஜப்பா எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அம்மாவின் வேலையை அவர் மெச்சிக்கொள்ளும்போது "கராருவாக்கு" என்பார். துல்லியம் என்பதற்கு அவர்கள் கன்னடத்தில் வைத்திருக்கும் சொல் அது. நாங்கள் குறை சொல்வதற்கு எடுத்துக்கொண்ட சொல்லின் உறவுக்காரச் சொல்லால் அந்த மனிதர் பாராட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பெனி, பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைதான். பட்டறை என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. அங்கே அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்தில் கடைந்து வரும் விரல் தடிமன் இரும்புத் தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து 'கேஜ்' வைத்துப் பார்ப்பாள். கேஜ் என்பது வாயைத் திறந்து வைத்த கனமான இரும்புக் கொக்கி. அந்த வாய்க்குள் இரண்டு படிகள் இருக்கும். தண்டு முதல் படியில் நுழைய வேண்டும், இரண்டாவதில் நின்றுவிட வேண்டும். முதல் படியிலேயே நுழையாவிட்டால் தடிமன் கூடுதல், மறுபடி கடைந்து சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவதையும் தாண்டி உள்ளே போய்விட்டால் தண்டு இளைத்துவிட்டது என்று பொருள். இளைத்த இரும்பைப் பருக்க வைக்க யாராலும் முடியாது, சிவப்புப் பெயின்ட் தடவிக் கழிவுப் பெட்டியில் போட வேண்டியதுதான். இரண்டு படிகளுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. லேத்துக்காரர்கள் பேச்சை மாற்றிப் பார்ப்பார்கள், டீ வாங்கி வந்து வைப்பார்கள், "இது கேஜுக்கே அடுக்குமாக்கா" என்பார்கள். அம்மா டீயைக் குடித்துவிட்டுச் சிவப்புப் பெயின்டை எடுப்பாள்.

அந்தக் கேஜையே சோதிப்பதற்கு 'மாஸ்டர்' என்று ஒன்று உண்டு. அளவு மாறாத ஒரு தண்டு, எண்ணெய்த்தாளில் சுற்றி மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். திங்கட்கிழமைதோறும், அப்புறம் விடுமுறை கழிந்து வரும் ஒவ்வொரு காலையிலும், அதைக் கேஜில் விட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் உருப்படியைத் தொட வேண்டும். கேஜ் கீழே விழுந்துவிட்டால் அதைத் திரும்பத் தொடவே கூடாது. விழுந்த கேஜின் வாய் விரிந்திருக்கலாம், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதையெல்லாம் அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம்.

மாமா முருகேசன் அம்மாவுக்கு ஒரே தம்பி. ராயக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்தே காலம் தள்ளிய குடும்பத்தில், ஐ.டி.ஐ. படித்துவிட்டு வெளியே வந்த முதல் ஆள். அம்மா சொல்லித்தான் அவரைக் கம்பெனியில் ட்ரெயினியாக எடுத்தார்கள். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அப்பா தக்காளி டெம்போ ஓட்டிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் வழியிலேயே இருப்பவர் என்பதால், என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வைத்துக் கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப் போனதும், பல் விழுந்தபோது கூரைமேல் எறிந்ததும், கணக்கு வீட்டுப்பாடத்தைத் தன் கையெழுத்து தெரியாதபடி போட்டுக் கொடுத்ததும் மாமாதான். அவர் ஒரு வருஷம் ட்ரெயினி. வருஷம் முடிந்ததும் கன்பர்ம் செய்வார்கள், அல்லது நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்கள். அந்த முடிவு ஆயுதபூஜை வாரத்துச் சனிக்கிழமை தெரிவதாக இருந்தது.

ஆயுதபூஜைக்குக் கம்பெனியின் கதவை வேலை செய்பவர்களின் வீட்டாருக்கெல்லாம் திறந்துவிடுவார்கள். லேத்துகளுக்கு வாழைக்கன்று கட்டி, பட்டையடித்து, பொட்டு வைத்திருந்தார்கள். சாமிப் படத்துக்குக் கீழே சிவப்புத் துணி விரித்த மேசையில் கருவிகள் வரிசையாக இருந்தன. தன் கேஜை அம்மாவே துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, நடுநாயகமாக வைத்திருந்தாள். பூஜையில் வைத்த சாமானை வேலை தொடங்கும் நாளில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. மற்ற நாட்களில் ஸ்பானரை எறிந்து விளையாடுகிற பையன்கள்கூட அன்று அந்த மேசையைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

பூசணிக்காய் உடைப்பதற்காக எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். நான் மேசையருகில் பொரி தின்றுகொண்டு நின்றேன். என் விரல் பாஸாகுமா, ரிஜெக்ட் ஆகுமா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நெடுநாள் ஆசை. கேஜை எடுத்தேன், சுட்டுவிரலை உள்ளே விட்டேன், முதல் படியையும் தாண்டி இரண்டாவதையும் தாண்டிப் போய்விட்டது. நான் ரிஜெக்ட் என்று சிரிப்பு வந்தது. கட்டைவிரலை விட்டுப் பார்க்கலாம் என்று திருப்பும்போது சந்தனம் வழுக்கி, கேஜ் சிமென்ட் தரையில் வாய் குப்புற விழுந்தது. வாசலில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்ததால் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. எடுத்துத் துடைத்து, உதிர்ந்த குங்குமத்தைச் சுண்டுவிரலால் திரும்ப வைத்துவிட்டு, வாசலுக்கு ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வேலை தொடங்கியது. அன்று சாயங்காலம் மாமா வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா அரிசி களையப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு லேத்துக்காரர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மாமா கடைந்ததில் பெட்டிக்குப் பாதி சிவப்பு. மற்றவர்கள் கொஞ்சம் தடிமனாகவே விட்டுக் கடைபவர்கள், அவர்களுடையதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவப்பு. மாமா தன் மைக்ரோமீட்டரில் பார்த்தேன், அளவு சரியாக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். நீ மைக்ரோமீட்டரை லூசாகப் பிடிக்கிறவன், அது கூடுதலாகத்தான் காட்டும் என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமையும் அதே கதை. ருக்மணியம்மா தன் தம்பியுடையதையே கழித்துப் போடுகிறாள் என்றால் அதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பது என்று நாகராஜப்பா கையை விரித்துவிட்டார். கன்பர்ம் பட்டியலில் பேர் வராது, ஊருக்குப் போக ஏற்பாடு செய்துகொள் என்று மாமாவிடம் சாடையாகச் சொல்லியும் விட்டாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா தன் துணிகளை ஒரு மஞ்சள் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல், "உங்க தம்பியா பொறந்தது என் தப்புக்கா" என்றார். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் புரிந்துவிட்டது. விழுந்த கேஜின் வாய் விரியும், விரிந்த வாயில் நல்ல தண்டும் இரண்டாவது படியைத் தாண்டிப் போகும், போனால் இளைத்தது என்று கழிப்பார்கள். அம்மா சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். நான் சொல்லிவிட்டால் மாமாவுக்கு வேலை நிலைக்கும், ஆனால் என் கதி என்ன ஆகும் என்றுதான் இரவெல்லாம் யோசித்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அன்று நான் மாமாவைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன்.

மறுநாள் காலை அம்மா ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, மாமா அந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. பாதி சீவிய தலையோடு மெயின் ரோட்டு வரை ஓடினேன். பனியில் எதிரே வரும் லாரி தெரியாத காலை. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன்.

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாய்ப்பக்கம் கீழ பட்டுதா?"

பட்டது என்று தலையாட்டினேன். பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் என் தலையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ, மாமாவிடம் சீவிக்கொள் என்றாள்.

அதன்பின் நடந்ததை மாமாவும் மற்றவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மா நேராகப் போய் மாஸ்டரை எடுத்துக் கேஜில் விட்டாள். நிற்க வேண்டிய இரண்டாவது படியில் நிற்காமல் அது வழுக்கிக்கொண்டு போனது. உடனே மாற்றுக் கேஜை வாங்கி, கழிவுப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, சிவப்பு அடித்த தண்டுகளையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் திரும்ப அளந்தாள். மாமா கடைந்ததில் ஏழு மட்டும் நிஜமாகவே இளைத்தவை. அந்த ஏழுக்கும் மறுபடி சிவப்பு அடித்தாள். வாய் விரிந்த கேஜ் தடித்த தண்டையும் பாஸ் செய்திருக்கும் என்பதால், வியாழனும் வெள்ளியும் தான் பாஸ் செய்து வெளியே அனுப்பியவற்றையும் திருப்பி வரவழைக்க வேண்டும் என்று நாகராஜப்பாவிடம் போய் நின்றாள்.

அவர் நல்ல மனிதர். வியாழக்கிழமைக் காலை பார்த்ததாக நோட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, ஆகவே கேஜ் அதற்குப் பிறகு எப்போதோ கெட்டிருக்கிறது, பழைய கேஜ் என்று எழுதிவிடலாம், உங்கள் தம்பிக்கும் வேலை நிலைக்கும், உங்களையும் யாரும் கேட்கப்போவதில்லை என்றார். தன் கம்பெனியின் ஒரே கராருவாக்கை இழக்க அவருக்கு மனமில்லை.

"அந்தக் கையெழுத்து பொய் சார்" என்றாள் அம்மா. "சாமி முன்னாடி வெச்சத யாரு தொடப் போறாங்கன்னு, மாஸ்டர் போட்டுப் பாக்காமயே எழுதிட்டன்."

யார் தொட்டார்கள், எப்படி விழுந்தது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். பார்க்காமல் எடுத்தது நான், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அம்மா வேறு பதில் சொல்லவில்லை. என் பேர் அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாமலே போயிற்று. அன்று சாயங்காலம் மாமாவைக் கன்பர்ம் செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அம்மாவை இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்குப் போட்டார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டவர் கையில் கேஜைக் கொடுக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அது நியாயமான உத்தரவு என்று வீட்டில் முதலில் சொன்னவள் அம்மாதான்.

மாமா அவள் காலடியில் உட்கார்ந்து, "எனக்காக ஏங்கா இப்புடிப் போய்ச் சொன்ன" என்று அழுதார்.

"உனக்காவா? நீ கடைஞ்சது சரியா இருந்துது, பாஸ் பண்ணன். ஏழு உருப்படி இளைச்சிருந்துது, மொதல்ல அதப் போய்ப் பாரு."

என்னை மட்டும் அவர் முன்னால் நிறுத்தி, பஸ் நிற்கும் இடத்தில் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்ல வைத்தாள். மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் அவராகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து பெல் அடித்தார். ஆனால் அன்றிலிருந்து என் கணக்கு வீட்டுப்பாடத்தை நானேதான் போட வேண்டியிருந்தது. லைன் வீட்டில் "கறாரா" என்று சொல்வதும் கொஞ்ச நாளில் மாறியது. சொல் அதேதான், சொல்லும்போது இருந்த அலுப்பு மட்டும் காணாமல் போயிற்று. அம்மாவிடம் குழாய் வரிசையில் தோற்றவர்கள்தான் முதலில் மாறினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஒன்பது வருஷம் அவள் அட்டைப்பெட்டி மடித்தாள். இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திரும்ப அழைத்தபோது கண்ணாடி போட்டுவிட்டேன், இனி வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். பெட்டிகளின் மூலை எப்படி மடிந்திருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு பாலிடெக்னிக்கில் அளவுக் கருவிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பட்டறை இருந்த இடத்தில் பெரிய கிடங்கு வந்துவிட்டது. புதுக் கம்பெனிகளில் தண்டு ஓடும்போதே கேமரா அளந்து, தப்பானதைக் காற்றால் ஊதித் தள்ளிவிடுகிறது. உட்கார்ந்து அளக்க ஸ்டூல் இல்லை, சிவப்புப் பெயின்ட் டப்பா இல்லை, டீ வாங்கி வந்து கெஞ்சுவதற்கு ஆள் இல்லை. கேமரா ரொம்பக் கறாராகப் பார்க்கும் என்று பையன்கள் சொன்னால் நான் திருத்துவேன். சரியாகப் பார்க்கும் என்று சொல்லுங்கள், அதற்குத் தம்பி கிடையாது, போவதற்கு வேலையும் கிடையாது என்பேன். அவர்கள் டீச்சருக்கு இன்று என்னவோ ஆகிவிட்டது என்று பார்ப்பார்கள்.

போன மாதம் ஓசூருக்குப் போயிருந்தபோது, அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இத்தனை வருஷமும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, ஏன் ஓர் அடிகூட அடிக்கவில்லை என்று.

அம்மா காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்ன அடிச்சிருந்தா தப்புல பாதி உன் தலைக்குப் போயிருக்கும்டி. அது முழுசும் என்னுது."